வினைச்சொல்லுக்கு விகுதி எதற்கு?

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கழகத்தின் வளர்ச்சியை எடுத்துரைப்பது மரபு. எங்களுக்கு முன் பேசியோர் அதனைச் செவ்வனே செய்துவிட்டனர். ஆகவே நாங்கள் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். நம் படிப்பகத்தில் ஞாயிறு மாலைதோறும் எங்களுள் எழுவர் கூடிச் சீன மொழியின் தொடக்கப் பாடங்களைப் பயின்று வருகிறோம். காரைக்குடியில் இருந்துகொண்டு சீனம் எதற்கு என்று வினவியோர் பலர், நகைத்தோரும் உளர். அவர்கட்கு விடை கூறும் கடமை எங்களுக்கு உண்டு. அவ்விடையே இவ்வுரை.

சிங்கப்பூரில் வேலை செய்து விடுமுறையில் வந்த நம் தெருப் பிள்ளை ஒருவர், ஆங்கிலம் அறிந்தோர்க்குச் சீனம் கற்பிக்கும் சிறு நூலொன்றைப் படிப்பகத்திற்கு அளித்துச் சென்றார். அந்நாட்டில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சி மொழிகள். தம்முடன் வேலை செய்வோர் பேசுவது விளங்காமல் பட்ட இடர்ப்பாடுகளை அவர் கூறக் கேட்டோம். அந்நூலைத் திறந்தோம். எழுவருள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவியர் இருவர், தையல் தொழில் செய்வோர் ஒருவர், இளைஞர் இருவர், வயது அறுபதைக் கடந்த கொத்தனார் ஒருவர். கொத்தனார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், ஆங்கிலம் அறியார். அவர் பொருட்டு ஒவ்வொரு பாடத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே சென்றோம். அதனால் விளைந்த நன்மையைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்பாடம் வினைச்சொல். சீனத்தில் 'வோ' என்றால் நான். 'நீ' என்றால், வியப்பாயினும் உண்மை, நீ என்பதே பொருள். 'தா' என்றால் அவன், அவளும் அதுவே. பேச்சில் ஆண், பெண் என்ற பிரிவு அச்சொல்லில் இல்லை. எழுத்தில் மட்டுமே உண்டு. 'லாய்' என்பது வா என்னும் வினை. வோ லாய், நீ லாய், தா லாய். நான் வருகிறேன், நீ வருகிறாய், அவன் வருகிறான் என மூன்றும் முடிந்துவிட்டன. 'லாய்' மட்டும் மாறவேயில்லை. ஏன், ஆய், ஆன், ஆள், ஆர் என்னும் விகுதி ஒன்றும் அதனோடு ஒட்டவில்லை.

அப்போது கொத்தனார் ஓர் ஐயம் எழுப்பினார். "ஐயா, இந்தத் 'தா லாய்' என்பது அவன் வருகிறான் என்பதா, அவர் வருகிறார் என்பதா?" ஆசிரியர், "இரண்டும் அதுவே" என்றார். "முதலாளி வந்தாலும், நான் வந்தாலும்?" என்று மீண்டும் கேட்டார். "ஆம், ஒரே சொல்தான்" என்றார் ஆசிரியர். கொத்தனார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "நாற்பது ஆண்டு சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் குழைத்துச் சுவர் மெழுகினேன். அந்த வீட்டுச் சிறு பிள்ளைகள்கூட, கொத்தன் வந்தான் என்றுதான் சொல்லும். அந்த நாட்டில் நான் வெறுமனே வரலாம் போலிருக்கிறது" என்றார்.

அவையோரே, அன்று நாங்கள் மேற்கொண்டு பாடம் நடத்தவில்லை. செட்டிநாட்டின் பெரிய வீடுகளைக் காண வெளிநாட்டினர் வருகின்றனர். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியக் கண்ணாடியையும் கண்டு வியக்கின்றனர். கண்ணாடி போல் மின்னும் அச்சுவரை மெழுகிய கைக்கு ஓர் 'ஆர்' விகுதி கிடைக்கவில்லை என்பதை எவரும் காண்பதில்லை. வினை என்றால் செயல். செயலைச் செய்தோர் நாம். அச்செயலைக் குறிக்கும் சொல்லின் வாலிலேயே நம் தாழ்வை முடிந்துவைத்தனர்.

இது தமிழ் இலக்கணத்தின் குற்றமா என்று ஆராய்ந்தோம். அன்று. 'ஆன்' விகுதி தன்னளவில் இழிந்ததன்று. 1939ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் விழா எடுக்கப்பெறும் கம்பர், தம் காவியத் தலைவனாகிய இராமனையே 'ஆன்' விகுதியால்தான் பாடினார். தாயையும் தெய்வத்தையும் நாம் நீ என்றே விளிக்கிறோம். அன்னியோன்யத்தில் பிறக்கும் ஒருமை இனியது. ஒருவழிப் பாதையாய் அமைந்த ஒருமையே கொடியது. அவர் நம்மை 'வந்தான்' என, நாம் அவரை 'வந்தார்' என்றே கூறவேண்டும் என்னும் விதிதான் கொடுமை. இவ்விதியை வகுத்தது யார்? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுவது வழக்கினால் வந்ததேயன்றி இலக்கண நெறியால் அமைந்ததன்று எனத் தெளிவுறக் கூறிவிட்டார். இளைஞர்களே, இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். வழக்கினால் வந்தது வழக்கினால் மாறும். ஒருவர்க்கு இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்', மற்றவர்க்கு ஏன் கிடைக்கலாகாது? இக்கேள்வியைத் தெளிவாக எழுப்ப எங்களுக்கு ஒரு சீன வினைச்சொல் வேண்டியிருந்தது. பிறமொழி கற்பதன் முதற்பயன் தன்மொழியைத் தள்ளி நின்று காண்பதே.

இனி, ஆங்கிலத்தின் வழியே சீனம் பயின்றபோது கண்ட ஒரு புதுமையைக் கூறுவோம். ஆங்கிலம் அறிந்தவர் சீனத்தில் முதலில் தேடுவது காலம். கம் என்பது கேம் என மாறுவதுபோல் 'லாய்' எவ்வாறு மாறும் என்று தேடுவார். மாறாது. நேற்று, இன்று, நாளை என்னும் சொற்களே காலத்தைக் காட்டும். வினை வேற்றுமை ஏலாது, காலத்தோடு தோன்றும் என்பது தொல்காப்பிய வினையியலின் கருத்து. சீன வினையும் வேற்றுமை ஏலாது. ஆனால் காலத்தையும் தன்னுள் காட்டாது. வினையின் பின்னே 'லெ' என்னும் சிறு சொல் வருவதுண்டு. அதனை இறந்தகாலம் என்று கொள்வது தொடக்க மாணவர் பலர் செய்யும் பிழை. அது காலம் அன்று, முடிவு. நாளை அவர் வந்துவிட்டபின் சொல்கிறேன் என்பதிலும் 'லெ' வரும். நாளை நடப்பதற்கு இறந்தகாலம் எப்படி வரும் என ஆங்கிலம் பயின்ற மாணவியர் மயங்கினர். கொத்தனார் மயங்கவில்லை. "நாளைக்கு வந்துவிட்ட பிறகு என்று நாமும்தானே சொல்கிறோம்" என்றார்.

அன்று முதல் எங்கள் பாடமுறை மாறியது. ஆங்கில நூலின் விளக்கத்தை ஒரு பக்கமும், தமிழ் வழக்கை மறுபக்கமும் எழுதிப் பார்த்தோம். 'தா லாய் லெ' என்றால் அவர் வந்துவிட்டார். 'தா லாய் குவோ' என்றால் அவர் முன்பு வந்திருக்கிறார். 'கான்' என்றால் பார்; 'கான் ஜெ' என்றால் பார்த்துக்கொண்டு. நம் விடு, இரு, கொள் என்னும் துணைவினைகள் செய்யும் பணிக்கு அண்மையான பணியையே அச்சிறு சொற்கள் செய்கின்றன. எங்கும் ஒன்றுபோல் பொருந்தா. ஆயினும் தொடக்கத்திற்குப் போதும். 'கான்' என்பதும் நம் காண் என்பதும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே. அதனைக்கொண்டு இரு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று எவரும் முழங்க வேண்டா. நினைவில் இருத்த உதவும், அவ்வளவே.

எதிர்மறையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் நாட் என்னும் ஒரே சொல் எங்கும் வந்து நிற்கிறது. சீனத்தில் இரண்டு உண்டு: 'பு', 'மெய்'. 'தா பு லாய்' என்றால் அவர் வரமாட்டார். 'தா மெய் லாய்' என்றால் அவர் வரவில்லை. 'பு ஷி' என்றால் அன்று, அல்ல. 'மெய் யோ' என்றால் இல்லை. இது நூல் அன்று, இங்கு நூல் இல்லை என்னும் இரண்டையும் பிரித்துக் கூறும் தமிழர்க்கு இதில் என்ன இடர்ப்பாடு? நமக்கு மெய் என்றால் உண்மை; அவர்கட்கு மெய் என்றால் இன்மை. இதை ஒருமுறை கேட்டவர் மறவார்.

வினாவும் அவ்வாறே. ஆங்கிலத்தில் வினா எழுப்பச் சொற்களை முன்பின்னாக மாற்றவேண்டும். சீனத்தில் வாக்கியத்தின் இறுதியில் 'மா' சேர்த்தால் போதும். 'தா லாய் மா?' என்றால் வருவாரா? நம் 'ஆ' செய்வதை அங்கே 'மா' செய்கிறது. விடையும் ஆம், இல்லை என்று தனித்து நிற்பதில்லை. வருவாயா என்றால் வருவேன் என நாம் வினையையே திருப்பிக் கூறுவதுபோல், அவர்களும் 'லாய்' என்பர். நேற்று வந்த மனிதர் என்று நாம் கூறும் அதே வரிசையில் நேற்று, வந்த, மனிதர் என்றே அவர்களும் அடுக்குவர். ஆங்கிலமோ மனிதரை முன்னே நிறுத்தி, நேற்றை இறுதிக்குத் தள்ளும். செயப்படுபொருள் மட்டும் ஆங்கிலத்தைப்போல் வினைக்குப் பின் வரும். அங்கே ஆங்கிலப் பயிற்சி துணைசெய்தது.

இதனால் நாங்கள் அறிந்தது ஒன்று. தமிழ் மட்டும் அறிந்தவன் எதற்கும் உதவான் என்று நம் பிள்ளைகளின் செவியில் ஓதப்பட்டு வருகிறது. அது பொய். ஆங்கிலம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் நாம் அறிவுலகிற்குச் செல்லும் வழி அது ஒன்றே அன்று. சேற்றிலும் சுண்ணாம்பிலும் நின்று நம் முன்னோர் பேசிய பேச்சுக்குள்ளேயே நுண்ணிய இலக்கணம் குடிகொண்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு பயின்ற கொத்தனார், கல்லூரி மாணவியர்க்கு 'லெ' விளக்கினார். இதனினும் சான்று வேண்டுமோ?

மொழிகளைக் கற்பதற்கு உயர்குடிப் பிறப்பு வேண்டும் என எண்ணுவோர்க்கு வரலாறு விடை கூறுகிறது. ஆங்கிலம் பேசுவோர் சீன இலக்கணத்தைக் கற்க எழுந்த முதல் நூல்களுள் இரண்டு நம் இந்திய மண்ணிலேயே அச்சாயின என்பதைப் பலர் அறியார். வங்காளத்தின் செராம்பூரில் 1799இல் வந்து தங்கிய ஜோசுவா மார்ஷ்மன் ஒரு நெசவாளியின் மகன். அவருடன் பணியாற்றிய வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர். மக்காவில் பிறந்த லாசர் என்னும் ஆர்மீனியரிடம் மார்ஷ்மன் சீனம் பயின்றார். 1814இல் சீன இலக்கண நூல் வெளியிட்டார். 1822இல் சீன மொழியில் விவிலியம் முழுவதையும் அங்கேயே அச்சிட்டு முடித்தனர். சீன மண்ணை மிதிக்காமலேயே இத்தனையும் செய்தவர் அந்நெசவாளியின் மகன்.

மற்றொருவர் இராபர்ட் மாரிசன். 1782இல் பிறந்தவர். அவருடைய தந்தை உழவுக் கூலியாய் இருந்து, பின்னர்ச் செருப்புத் தைப்போர்க்கு வேண்டிய மர அச்சுகளைச் செய்து பிழைத்தார். மகனும் அத்தொழிலையே பழகினார். 1807இல் அவர் காண்டன் நகரை அடைந்தபோது, அயல்நாட்டார்க்குச் சீனம் கற்பிக்கும் சீனர்க்கு மரண தண்டனை என்பது சட்டம். அத்தடையையும் மீறிப் பயின்றார். அவருடைய சீன இலக்கணமும் 1815இல் செராம்பூர் அச்சகத்திலிருந்தே வெளிவந்தது. 1815 முதல் 1823 வரை அவருடைய பேரகராதி வெளியாயிற்று. சீனத்தில் 'ஷூ' என்றால் நூல் என்று பொருள். ஷூவுக்கு அச்சு செதுக்கிய கை, 'ஷூ' எழுதும் கையாயிற்று. தோல் தொழிலைச் சொல்லி நம்மை இகழ்வோர் இதனை அறிதல் நன்று.

நம் பெரியோரையும் நினைப்போம். பம்பாயில் பள்ளி மாணவராய் இருந்த அண்ணல் அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் கற்க இடம் தரப்படவில்லை. பாரசீகமே எடுக்க நேர்ந்தது. மறுக்கப்பட்ட அம்மொழியைப் பின்னர்த் தாமே முயன்று கற்றார். பாலி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். பண்டிதர் அயோத்திதாசர் தமிழோடு பாலியும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் அறிந்து, 1907இல் இதழ் தொடங்கி, நம் வரலாற்றை நம் கண்கொண்டு எழுதினார். ஒரு மொழியின் வாயிலை அடைத்தால் வேறு வாயில் வழியே நுழைந்து அவ்வீட்டையே அளந்து வந்தவர்கள் அவர்கள்.

தமிழர்க்கும் சீனர்க்கும் உள்ள உறவு புதிதன்று. யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்தார், கி.பி. 645இல் நாடு திரும்பினார். அவருடைய வரலாற்றை எழுதிய ஹுயிலி என்னும் துறவி, சமஸ்கிருத வினைகள் ஏற்கும் விகுதிகளைச் சீனர்க்கு விளக்கத் தனியே இடம் ஒதுக்கினார். விகுதியே இல்லாத மொழியினர் விகுதியைக் கண்டு திகைத்தனர் அன்று. விகுதி மிகுந்த மொழியினராகிய நாம் விகுதி இன்மையைக் கண்டு வியக்கிறோம் இன்று. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு உண்டு. இலங்கையின் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல், சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பேசுகிறது. இம்மொழிகளை அறிந்தோர் இல்லாமல் அக்கல் எழுந்திராது.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். வினைச்சொல்லில் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதால் சீன நாட்டில் ஏற்றத்தாழ்வே இருந்ததில்லை என்று கொள்ளற்க. அங்கும் நீ என்பதற்கு 'நின்' என்னும் மதிப்புச் சொல் உண்டு. கூத்தாடுவோர் வழிவந்தோர் அரசுத் தேர்வு எழுதத் தடையிருந்த காலம் அங்கும் இருந்தது. எழுத்து நெடுங்காலம் சிலருக்கே உரியதாயிருந்தது. எழுத்தறிவைப் பரப்ப 1956இல் எழுத்துகளை எளிமையாக்கினர். 1958இல் உரோமன் எழுத்தில் ஒலியைக் குறிக்கும் முறையை ஏற்றனர். இலக்கணம் தானாக எவரையும் விடுவிப்பதில்லை. மனிதர்தாம் முயலவேண்டும்.

சீனம் எளிது என்றும் நாங்கள் கூறோம். ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். 'மா' என்பதை ஒரே சமமாக நீட்டினால் தாய். மேலே ஏற்றினால் சணல். தாழ்த்தி ஒலித்தால் குதிரை. வெட்டி இறக்கினால் திட்டுதல். தாயை அழைக்க முயன்று குதிரையை அழைத்தோர் எங்களுள் உண்டு. மூச்சை அழுத்தி ஒலிக்கும் எழுத்துகள் தமிழர் நாவிற்குப் புதியவை. 'தா' என்பதையும் மூச்சோடு கூற வேண்டும். அன்றாடம் வழங்கும் எழுத்துகள் மட்டும் சற்றேறக்குறைய 3500. ஆகவே இளைஞர்கட்கு நாங்கள் கூறுவது இவ்வளவே. ஒரு நாளைக்கு ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை வைத்துப் பத்து வாக்கியம் அமையுங்கள்: உண்டு, இல்லை, வினா, முடிவு எனப் பலவாறு மாற்றுங்கள். உரக்கச் சொல்லுங்கள். தனியே கற்காமல் கூடிக் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளியை விட்டவரையும் அருகில் அமர்த்துங்கள்; அவர் கேட்கும் கேள்வியே பாடத்தின் கதவைத் திறக்கும். சீனம்தான் என்பதில்லை. மலையாளமோ அரபியோ ஜப்பானியமோ, பிழைப்பிற்குச் செல்லும் இடத்தின் மொழி எதுவாயினும் இம்முறை பொருந்தும். கூலிக்குச் செல்லும் இடத்தில் மொழி அறியாதவன் கூலியையும் பேசிப் பெற இயலாது என்பதை மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தலைமுறையின் துயர் நமக்குக் கற்பித்திருக்கிறது.

இறுதியாக ஒன்று. அந்த ஞாயிறுக்குப் பின் நம் படிப்பகத்தில் எழுதா விதி ஒன்று வழங்கி வருகிறது. உள்ளே வருவோர் எவராயினும், சிறுவராயினும், கூலியாளராயினும், வந்தார் என்றே கூறுகிறோம். முதலில் சிறுவர்கள் சிரித்தனர். இப்போது அவர்களே தம் தோழரைக் குறித்து வந்தார், படித்தார் என்கின்றனர். சென்ற வாரம் கொத்தனார் சற்றுத் தாமதித்து வந்தார். வாயிலில் இருந்த ஏழு வயதுச் சிறுமி உள்ளே திரும்பி, "கொத்தனார் வந்துவிட்டார்" என்று அறிவித்தாள். அவர் நின்று, அச்சிறுமியைப் பார்த்து, "தா லாய் லெ" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அமர்ந்தார்.

வழக்கு மாறும் என்று தொல்காப்பியர் விட்டுச் சென்ற வழியில் நாம் ஓர் அடி எடுத்து வைத்துள்ளோம். கழகத்தின் பொன்விழா வருவதற்குள் இவ்வழக்கு நம் படிப்பகத்தின் வாயிலைத் தாண்டித் தெருவிற்கும், தெருவைத் தாண்டி ஊருக்கும் செல்ல வேண்டும். அதற்கு உங்கள் அனைவரின் துணையையும் வேண்டுகிறோம்.